பூட்டிய வீட்டுக் கொசு

ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்த முப்பது பேரில் பத்தொன்பது பேர் எங்கள் வட்டாரம். எல்லாரும் மில் வேலைக்குப் போகிறவர்கள். சுகாதாரத் துறைக்கு நான் போட்டுக்கொடுத்த வரைபடத்திலோ அந்த வட்டாரம் பச்சைப் பசேலென்று இருந்தது. கொசுப்புழு பூஜ்யமாம். அதை நம்பித்தான் மழைக்காலத் தடுப்புத் திட்டத்திலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"பட்டியல் தப்பா இருக்கும்," என்றேன் நாத்தனாரிடம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் கொண்டுவரும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

"பட்டியல் சரிதான் அண்ணி. நாங்க காலைல பத்து மணிக்குப் போறோம். அங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வேலைக்குப் போயிருப்பாங்க. பூட்டின வீட்டுக்கு ஒரு கோடு போட்டுட்டு வந்துடுவோம்."

"ஐயோ, அந்தக் கோட்டை நான் பூஜ்யம்னு ஏத்திட்டேனே!"

"ஏன், பூட்டின வீட்டுல கொசு லீவு போட்டுடுமா?" என்று சிரித்தாள், பாவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. பத்து வருடமாக எண்களோடு மாரடிக்கிறேன், ஒரு கோட்டுக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லையே!

அன்று மாலை ஆறு மணிக்கு, மில் விட்டு ஜனங்கள் திரும்பியதும், இருவரும் இறங்கினோம். நாற்பது வீடு பார்த்தோம், பதினேழில் புழு. கடைசியாக என் வீட்டைத் திறந்தேன்.

"இதுக்கும் கோடுதான் போட்டிருக்கேன்," என்றாள் நாத்தனார்.

மறுநாள் இயக்குநர் பேனாவும் கையுமாக இருந்தார்.

"போன மாசம் பூஜ்யம்னு சொன்னீங்க. இப்ப மாத்திச் சொல்றீங்க. எதம்மா நம்புறது?"

"இப்ப சொல்றத நம்புங்க சார். போன மாசக் கணக்கு கதவுக்கு வெளிய நின்னு எடுத்தது."

"தப்பு யாரோடது?"

நாத்தனார் தலையில் கட்டிவிடுவது சுலபம். ஆனால் மூடி மறைத்தால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"என்னோடது சார்," என்று சொல்லி, பையில் கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்தேன். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"இது எந்த வீட்டுல எடுத்தது?"

"என் வீட்டுல. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி வடியுற தட்டுல. நாங்களும் காலைல பூட்டிட்டுத்தான் வர்றோம்."

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திட்டத்தின் முதல் பக்கத்தில் எங்கள் வட்டாரத்தை எழுதினார். பக்கத்திலேயே 'மாலை ஆறு மணிக்கு மேல்' என்றும் எழுதினார். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீடும் பகல்ல பூட்டித்தான் கிடக்கும். இன்னைக்கே ஆள் அனுப்ப முடியுமா?"

ஊர் முழுக்கக் கோடு போட்டிருந்த பூட்டிய வீடுகளின் பட்டியலைப் புரட்டினேன்.

"வரிசையில எழுபத்தாறாவது சார். வியாழக்கிழமை வர்றோம். அதுவரைக்கும் அந்தத் தட்டை நீங்களே கவுத்து வெச்சிடுங்க."