மகேந்திரனின் இடது கை

"இந்த ஒரு சீசன் மட்டுந்தான் சுதா. சீசன் முடிஞ்சதும் அந்த ரூம் நமக்குத்தான்."

"சீசன் எப்பங்க முடியும்?"

"மே மாசத்தோட முடிஞ்சிரும்."

கல்யாணமான நாலாம் நாள், சமையலறையில் பாய் விரித்துக்கொண்டே மகேந்திரன் சொன்னது இது. சுதாராணி வத்தலக்குண்டுக்காரி. மலைக்குக் கீழே சீசன் என்றால் மாம்பழ சீசன், வந்தால் போய்விடும். அதனால் நம்பினாள்.

கொடைக்கானலில் சீசன் போவதே இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மே முடிந்தால் ஆயுதபூஜை லீவு, அப்புறம் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு விழுந்தால் போதும், மதுரையே மலையேறி வந்துவிடும். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்: நல்ல அறைகளை வந்தவர்களுக்கு விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் சமையலறைக்குக் குடிபோவார்கள். மகேந்திரன் வீட்டில் மாடியில் ஓர் அறை, கீழே ஓர் அறை. கீழ் அறையில் சுதா சீராகக் கொண்டுவந்த கட்டிலும் பீரோவும் இருந்தன. தூத்துக்குடியிலிருந்து டெல்லி வரை எல்லா ஊர்க்காரர்களும் அந்தக் கட்டிலில் படுத்துவிட்டார்கள். அவள் படுத்த நாட்கள் சொற்பம்.

சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் மாமியார் சுப்பம்மா, கிரைண்டருக்கு இந்தப் பக்கம் சுதா, அந்தப் பக்கம் கதவோரம் மகேந்திரன். மூன்று வருடமாக இதுதான். இந்த லட்சணத்தில் சுப்பம்மா வாரம் தவறாமல் கேட்பாள்: "ஏத்தா, ஒரு விசேசமும் காணமே? திண்டுக்கல்ல நல்ல டாக்டரம்மா இருக்காளாம், போய்ப் பாப்பமா?"

'அந்தக் கிரைண்டரை முதல்ல வெளிய வைங்க அத்தை' என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவாள். மகேந்திரனிடம் கேட்கவும் வாய் வரவில்லை. எனக்கு அந்த ரூம் வேணும் என்று எப்படிக் கேட்பது? வேறு எதையோ கேட்பது போல இருக்கிறதே! உண்மையில் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்பதுதான் சிக்கல்.

அந்த வருடம் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கொடைக்கானலுக்கு வந்தது. ஊரே தலைகீழானது. குழிகளை அடைத்து ரோட்டை மெழுகிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பழக்கதோஷத்தில், இல்லாத குழிகளுக்கு வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்டினார்கள். பஜாரில் நின்ற காட்டுமாட்டைப் பார்த்து வெளியூர் அதிகாரி ஒருவர், "இதோட ஓனரைக் கூப்பிடுங்க" என்றாராம்.

மகேந்திரன் வீட்டு மாடியில் நேபாள வீரர்கள் தங்கினார்கள். கீழ் அறையில் அவர்களுடைய மெக்கானிக்குகள் இரண்டு பேர். கல்யாண போட்டோவை இறக்கிவிட்டு, அந்த ஆணியில் ஒரு சக்கரத்தை மாட்டியிருந்தார்கள். தன் பீரோவிலிருந்து ஒரு சேலை எடுக்க சுதா கதவைத் தட்டிக் காத்து நிற்கவேண்டியிருந்தது. பொறுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று; சாயங்காலமே எல்லோரும் மலை இறங்கிவிடுவார்கள். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமைதான். அவர்கள் போனதும் அந்த அறையை மகேந்திரனிடம் கேட்டே விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஞாயிறன்று மகேந்திரன் வெள்ளனே கிளம்பினான். தொண்டர் வேலை, மஞ்சள் சட்டை, விசில், கொடி எல்லாம் கொடுத்திருந்தார்கள். அவனுக்குக் கிடைத்த இடம், அவன் தினமும் நிற்கிற அதே வளைவு. அங்கே ரோடு நேரே ஏரிக்குப் போகும். இடதுபுறம் ஒரு சந்து செங்குத்தாக இறங்கி அவன் வீட்டு வாசலில் முட்டி நிற்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வளைவில் நின்று, வேகம் குறைக்கிற ஒவ்வொரு காரையும் பார்த்து, "ரூம் இருக்கு சார்" என்று இடது கையால் சந்தைக் காட்டியவன் அவன்.

முதல் சைக்கிள் வந்தது. ஒட்டினாற்போல் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் வந்தவன் வளைவில் வேகத்தைக் குறைத்து, எந்தப் பக்கம் என்பதுபோல மகேந்திரனைப் பார்த்தான்.

வலது கையிலிருந்த கொடி ஏரிப் பக்கம்தான் நீண்டிருந்தது. இடது கை தானாக எழுந்து சந்தைக் காட்டிவிட்டது.

சுதா வாசலில் பெட்ஷீட் அலசிக்கொண்டிருந்தாள். சரசரவென்று சைக்கிள்கள் இறங்கி வந்து அவள் வாளிக்கு முன்னால் நின்றன. சுப்பம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாத்தே! இம்புட்டுப் பேரா? உம் புருசனுக்குக் கூறு இருக்கா? எங்கத்தா படுக்கப் போடுறது?"

"ஃபினிஷ்?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் முதலில் வந்தவன்.

"ஃபினிஷ் இல்லைங்க சார், வீடு" என்று சுதா ஈரக் கையால் மேட்டைக் காட்டினாள்.

அவன் திருப்பிச் சொன்னது என்ன மொழியோ தெரியாது. ஆனால் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. சுப்பம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

மேலே மகேந்திரன் இடது கையை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டு, அடுத்து வந்தவர்களை நேரே அனுப்பினான். சந்துக்குள் போனவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி வருவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. முதலாவதாக வந்தவர், அவன் வீட்டு மாடியில் தங்கியிருந்த நேபாள வீரர். அதோடு விஷயம் நாறிவிட்டது.

மத்தியானம் போட்டிக் குழுவைச் சேர்ந்த ஞானவேல் வீட்டுக்கே வந்தார். மகேந்திரன் மஞ்சள் சட்டையைக் கழற்றி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏம்ப்பா, உங்க வீட்டு ஆளு ஜெயிக்கணும்னு திருப்பிவிட்டியா?"

"சத்தியமா இல்லைங்க சார். வளைவுல யாரு ஸ்லோ பண்ணாலும் கை அதுவா வந்துருது."

"மெய்தான்யா. போன மாசம் அமரர் ஊர்திக்கே கை காட்டுனான்" என்று சாட்சி சொன்னாள் சுப்பம்மா.

ஞானவேல் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, போ. கடைசிச் சுற்றைப் புதன்கிழமை மறுபடி வைக்கிறோம். டீம் எல்லாம் அதுவரைக்கும் இங்கதான். உன் ரெண்டு ரூமும் அப்படியே இருக்கட்டும். நீ ரோட்டுப் பக்கம் மட்டும் வந்துராத."

போலீஸ் வரும் என்று பயந்துகிடந்தவனுக்கு உயிர் வந்தது. "புதன் என்னங்க சார், அடுத்த வாரம் வரைக்கும்கூட வச்சுக்கங்க! நாங்க பாட்டுக்குச் சமையக்கட்டுல கெடந்துக்கிருவோம்."

சுதா டீ டம்ளரை ஞானவேலுக்கு முன்னால் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"மாடி ரூம் இருக்கட்டுங்க சார். கீழ் ரூமைக் குடுக்க முடியாது."

"ஏம்மா, வேற யாருக்கும் பேசிட்டீங்களா?"

"எந்தப் பார்ட்டி புள்ள? எனக்குத் தெரியாம?" என்று மகேந்திரன் திரும்பினான்.

அத்தை அங்கேயே இருந்தாள். மெக்கானிக்குகள் இருவரும் ஸ்பானரோடு அறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதைவிட மோசமான நேரம் கிடைக்காது என்று அவளுக்கே தெரிந்தது. முகம் சுட்டது. ஆனால் இனி விழுங்கவும் முடியவில்லை.

"எனக்கு வேணுங்க. உங்களுக்கும் எனக்கும். எந்த மாசமும், எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும், அதை யாருக்கும் விடக்கூடாது. நாம ரெண்டு பேரு மட்டும், கதவைச் சாத்தித் தாழ்ப்பா போட்டுக்கிட்டு இருக்கணும். அந்த ரூமை எனக்குக் குடுங்க."