ஆளில்லாத பனி

அச்சுக்கடையிலிருந்து வந்த தாள்சுருளைப் பிரித்த ஸ்டோயங்கா, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“முகம் எங்கடி?”

மகள் நெவேனா பசை வாளியைக் கீழே வைத்தாள். உள்ளறையில் அப்பா ரங்கெல், தலைமாட்டில் மெழுகுவர்த்தியோடு சவப்பெட்டியில் கிடந்தார். மதியம் அடக்கம். அதற்குள் விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், வாசல்கதவு என்று ஊரெல்லாம் மரண அறிவிப்பை ஒட்டியாக வேண்டும். கீழே பெயரும் வயதும், மேலே இறந்தவர் முகம். இந்த ஊரில் முகமில்லாமல் யாரும் செத்ததில்லை.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. முழுக்கப் பனி. வலது ஓரத்தில் ஒரே ஒரு வேலிக்கம்பு. அச்சுக்கடைக்காரன்கூட, “படம் விழலையேம்மா” என்று இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தான்.

“பனியா செத்துச்சு? எம் புருஷன்ல செத்தாரு!”

“அப்பாதாம்மா கேட்டாரு. என் மூஞ்சியக் கம்பத்துல ஒட்டாதேன்னு. கையப் புடிச்சு சரின்னு சொல்லியிருக்கேன்.”

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், இளவயதில், எல்லைக்கருகே சிநேகிதன் ஸ்வெதானை நிற்கவைத்து ரங்கெல் ஒரு படம் எடுத்தார். படச்சுருள் போலீஸ் கையில் சிக்கியது. நாட்டைவிட்டு ஓடப் பார்த்தான் என்று ஸ்வெதானை உள்ளே தள்ள அந்த ஒரு முகம் போதுமானதாக இருந்தது. அதன்பின் அவர் படங்களில் ஆளே கிடையாது. ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்த பிறகும் வெற்று வயல், பனி, ஒரு கோடு. ‘இங்கே யாரையும் யாரும் விசாரிக்க முடியாது, இதுதான் சுதந்திரம்’ என்பார். அம்மாவுக்கும் அது புரியும் என்று நெவேனா நினைத்ததுதான் தப்பு.

“அவருக்குச் சுதந்திரம். எனக்கு?” ஸ்டோயங்கா கேட்டாள். “பனியில காமிராவைத் தூக்கிக்கிட்டு அவரு பின்னாடியே நடந்தேன். என்னையும் ஒண்ணு எடுய்யான்னா, ‘தள்ளி நில்லு, உன் நிழல் விழுது’ன்னாரு. கல்யாணப் படத்தைக்கூட அடுப்புல போட்டாரே பாவி மனுஷன். நாளைக்கு அந்த மூஞ்சி மறந்துபோச்சுன்னா எங்கடி போய்ப் பார்ப்பேன்?”

கொடுத்த வாக்கு ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம். நெவேனாவுக்கு அப்பா மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஸ்டோயங்கா உள்ளே போய் அவருடைய பழைய பஸ் பாஸை எடுத்துவந்தாள். அதிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைக் காய்கறிக் கத்தியால் நெம்பி எடுத்தாள். படமெடுத்தவனை முறைத்துக்கொண்டிருக்கும் முகம். ஓர் அறிவிப்பை வாசல்கதவில் ஒட்டிவிட்டு, அந்தச் சின்னப் படத்தின் முதுகில் பசை தடவினாள்.

தடுக்கப்போன நெவேனாவின் கை, காற்றில் படபடத்த தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்தது.

“ஓரமா ஒட்டும்மா. நடுவுல வச்சா அவருக்குப் பிடிக்காது.”

“பிடிக்காட்டி எந்திரிச்சு வரட்டும்.”

நட்டநடுப் பனியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். பசை பிடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.