முந்நூற்று நாற்பது பேரின் பசி

கேன்டீன் புறக்கணிப்பு நடக்கும் நாட்களில் தொழிலாளர்களின் பசியை மனிதவளத் துறை வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்பது அந்தக் கார் தொழிற்சாலையின் விதி. சாப்பிடாமல் இருப்பது அவர்கள் உரிமை. அதற்காகப் பசியை அநாதையாக விட்டுவிட முடியாதல்லவா?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஒரு திங்கட்கிழமை காலை சங்கம் புறக்கணிப்பை அறிவித்தது. ஒரு காருக்குக் கதவு மாட்ட ஐம்பத்தெட்டு விநாடி கொடுக்கிறார்கள், அறுபது வேண்டும் என்பது கோரிக்கை. கூடுதல் இரண்டு விநாடி எதற்கு என்று நிர்வாகம் கேட்டது. வியர்வை துடைக்க என்று சங்கம் எழுதிக் கொடுத்தது.

மனிதவளத் துறையில் ஆறு அதிகாரிகள். ஐந்து பேர் அன்றைக்கே விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர் துணை மேலாளர் சௌந்தரவரதன், காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அவருக்குக் கடைசியாகப் பசி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மணி ஒன்று அடித்தால், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் தயிர்சாத டப்பாவைக் காலி செய்வார். வயிற்றில் அவ்வளவு இடம் சும்மா கிடந்ததால் முந்நூற்று நாற்பது பசியும் அவருக்கே வந்து சேர்ந்தது.

சங்கச் செயலாளர் மெர்சி, வயரிங் பிரிவில் வேலை பார்ப்பவர், வரிசையை ஒழுங்கு செய்தார்.

"தள்ளாதீங்கப்பா. அவங்கவங்க பசிய அவங்கவங்களே சார் கைல குடுங்க. சார், பத்திரம்."

"சாப்பாடு போடலாம் இல்லையாம்மா?"

"போடாம? பட்டினி போட்டீங்கன்னா அது தனிக் கேசு."

கேன்டீனில் வழக்கம்போலச் சமைத்தார்கள். சௌந்தரவரதன் உட்கார்ந்து சாப்பிட்டார். வெல்டிங் பிரிவின் பசி முட்டை கேட்டது. அவர் முட்டை தொடாதவர். அலுவல் நிமித்தம் பன்னிரண்டு சாப்பிட்டார். பெயின்ட் பிரிவின் பசிக்கு எதிலும் வாசனை இருக்கக் கூடாது. தரப் பரிசோதனைப் பிரிவின் பசி ஒவ்வொரு வடையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஏழில் இரண்டைத் தள்ளிவைத்தது.

மூன்றாம் நாள், ஒரே ஒரு பசி மட்டும் தட்டின் முன்னால் வாயைத் திறக்க மறுத்தது. அவர் மெர்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அது டோர் லைன் தணிகாசலத்தோடது சார். எதிர்ல ஆள் இல்லாம இறங்காது."

"அப்ப நீங்க கொஞ்சம் உட்காருங்களேன்."

"நாங்க போராட்டத்துல இருக்கோம் சார்."

"சாப்பிட வேணாம்மா. சும்மா உட்காருங்க."

சும்மா உட்காருவதற்குச் சங்கத்தில் தடை எதுவும் இல்லாததால் மெர்சி உட்கார்ந்தார். ரசம் சாதம், மேலே நொறுக்கிப் போட்ட அப்பளம். மெர்சி தன் மாமியாரின் முட்டிவலியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சௌந்தரவரதன் தலையை நிமிர்த்தி, கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். ரசத்தில் மிளகு இருந்தது தெரிந்தது. ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையை யாரோ மெல்லப் பெருக்குவது போலிருந்தது வயிற்றுக்குள்.

அந்தப் பசியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புறக்கணிப்பு முடிந்தால் கொடுத்தாக வேண்டும். ஆகவே அது முடியக் கூடாது.

ஆனால் நிர்வாகத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பசி இல்லாத தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வேலை இல்லை. முந்நூற்று நாற்பது பேரும் எம்.டி. அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். கோபமாகக்கூட இல்லை, சினிமா பார்ப்பதுபோல. எட்டாம் நாள் எம்.டி.க்கு மோர்கூட இறங்கவில்லை.

"ரெண்டு விநாடிதானே வரதன். குடுத்துத் தொலைங்க."

"அவசரப்படக் கூடாது சார். முதல்ல அரை விநாடின்னு சொல்லிப் பார்ப்போம். நெத்திக்கு அது போதும்."

நெற்றியைப் பற்றி ஒரு நாள் பேசினார்கள். மேலுதடு ஒரு நாள்.

"நிர்வாகமே தர்றேங்குது," என்றார் மெர்சி. "நீங்க என்னா சார் மாப்பிள்ளை வீட்டு மாமா மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"பின்கழுத்தப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லியேம்மா."

பதினோராம் நாள் எம்.டி.யே வந்து, அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். அறுபது விநாடி.

பசிகளைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அடுத்த நாள் காலையில் தொடங்கியது. தரப் பரிசோதனைக்காரர்கள் தங்கள் பசியில் கீறல் இருப்பதாகச் சொல்லி முதலில் வாங்க மறுத்தார்கள். அதைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. கடைசியாக வந்தவர் தணிகாசலம்.

"இது மட்டும் எங்கிட்டயே இருக்கட்டுமே தணிகாசலம்."

தணிகாசலம் யோசித்தார்.

"அது ஆறு மணி ஷிப்டுக்குப் பழகினது சார்."

"வந்துடறேன்."

"கதவு மாட்டணும்."

"மாட்டறேன்."

"சரி, வெச்சுக்கங்க. எங்க வீட்டுல அவ வேற ஷிப்டு. எதிர்ல உட்கார ஆள் தேடித் தேடி எனக்கும் அலுத்துப்போச்சு."

பசி இல்லாதவர்களை மனிதவளத் துறையில் போடுவது வழக்கமாதலால், துணை மேலாளர் பதவி தணிகாசலத்துக்குப் போனது. நாற்காலி சுற்றுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சௌந்தரவரதன் கதவு மாட்டினார். ஐம்பத்தெட்டு விநாடி கதவுக்கு, இரண்டு விநாடி வியர்வைக்கு. பின்கழுத்துக்கு நேரம் போதவில்லை. மதியம் கேன்டீனில் பெஞ்சு நிறைய ஆட்கள்.

"ஆபீசரே, இப்படி வாங்க. முட்டை வேணாம்னா இங்க தள்ளுங்க!"

எதிரே மெர்சி உட்கார்ந்தார். மாமியாருக்கு இப்போது இடது முட்டி. சௌந்தரவரதன் இரண்டாம் முறை ரசம் வாங்கும்போது தணிகாசலம் ஒரு தள்ளுவண்டியோடு உள்ளே வந்தார். சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டிருந்தார்.

"அதிகாரிய சங்கம் இழுத்துக்கிச்சுன்னு நிர்வாகம் போராட்டம் அறிவிச்சிருக்கு. பதினோரு மேனேஜரும் இன்னிலேர்ந்து தூங்க மாட்டாங்க. தூக்கத்த எல்லாம் சங்கந்தான் பாதுகாக்கணுமாம். மெர்சி, இங்க ஒரு கையெழுத்து. மேல இருக்கறது எம்.டி.யோடது, குறட்டை விடும். அது மேல எதையும் அடுக்காதீங்க."

மெர்சி கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்துப் பழக்கம் உள்ளவர் யார் என்று கேட்டார். பெஞ்சு முழுக்கத் திரும்பியது.

சௌந்தரவரதன் ரசத்தைக் குடித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கதவுகள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துச் சுவரோரம் விரித்துப் படுத்து, எம்.டி.யின் தூக்கத்தை முதலில் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள், தட்டில் கரண்டி படாமல் பரிமாறச் சொன்னார்கள்.