இடி இடித்தால்தான் விடும்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சைப்ரஸ் மரத்தடியில் பழைய இரும்புக் குளியல் தொட்டி ஒன்று கிடக்கிறது. அதில் இருப்பவர் ஷெரிப். கடிக்கிற ஆமை ஜாதி, கடியாமை என்போம். வாயில் அகப்பட்டதை விடாது, வேளாவேளைக்குத் தின்னும், நன்றி என்பது கிடையாது. அதனால்தான் அந்தப் பேர். எங்கள் ஊர்ப் போலீஸ் தலைவரான நிஜ ஷெரிப் காதுக்குப் போனாலும் எனக்குக் கவலையில்லை.

ஆமை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. தண்ணீரை நாற விடக்கூடாது. மீன் தலை, கோழிக் கழுத்து, கொஞ்சம் கீரை. ஏறி உட்கார ஒரு கல். வாலைப் பிடித்துத் தூக்குகிறவன் முட்டாள், அதன் முதுகெலும்பு போய்விடும். தண்ணீரில் இருக்கிறவரை அது சாது. பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்தால் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். தரையில் விட்டால் மட்டும் அதற்கு உறவுமுறை தெரியாது.

என் பெண்டாட்டி எல்மீர், தன் முதுகை ஒரு நாளாவது தேய்த்ததுண்டா என்று கேட்பாள். ஷெரிப் கேட்டு வாங்குவதில்லையே என்பேன்.

அவள் தம்பி ஓக்தாவ். மாதா கோயில் விருந்துக்கு வருஷா வருஷம் ஆமைக் குழம்பு வைப்பவன். எங்கள் லூயிசியானா ஓடைக்கரையில் அது இல்லாத விருந்தை யாரும் விருந்தாகச் சேர்ப்பதில்லை. இந்த வருஷம் மழையில்லை. அவன் போட்ட தூண்டிலில் ஒரு ஆமையும் விழவில்லை. ஆனாலும் பாதிரியாரிடம் ஆமை தயார் என்று சொல்லியிருந்தான். எந்த ஆமை என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

விருந்துக்கு முதல் நாள் காலையில் பின்பக்கம் அலறல் கேட்டது. போனேன். சாக்கு ஒரு பக்கம் கிடந்தது. ஷெரிப் தரையில். அதன் வாயில் ஓக்தாவின் வெள்ளை ரப்பர் பூட்ஸ். ரப்பரோடு சேர்த்துப் பெருவிரல் நுனியையும் பிடித்திருந்தது. இழுத்தால் இன்னும் இறுக்கியது.

"வா மச்சான்," என்றேன். "சாப்பிட்டியா?"

"அத்தான், விளையாடாதீங்க. வலிக்குது."

வானத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். கடியாமை கவ்வினால் இடி இடிக்கும்வரை விடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மேகம் இல்லை. வியாழக்கிழமை இடிமழை வரலாம் என்று ரேடியோவில் சொன்னதாகச் சொன்னேன். ரேடியோக்காரனை நான் நம்புவதில்லை என்பதையும் சொன்னேன்.

கூரைத் தகரத்தைத் தட்டச் சொன்னான். தட்டினேன். ஷெரிப் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எல்மீர் பெரிய சட்டி மூடியோடு வந்து கரண்டியால் அடித்தாள். பக்கத்து வீட்டு நாய்தான் ஓடியது.

"ஏண்டா தம்பி, உன்ன யாருடா இதுகிட்ட காலை நீட்டச் சொன்னது?" என்றாள்.

"குழம்புக்குக்கா. பாதிரியார்ட்ட சொல்லிட்டேன். நான் வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

"வெறுங்கையோட போலாம்," என்றேன். "இப்ப வெறுங்காலுக்குத்தான் வழியில்ல."

பிறகு விஷயத்துக்கு வந்தேன். செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய், ஷெரிப்பை இனி சட்டி பக்கம் நினைக்க மாட்டேன் என்று. அவன் முதலில் முறைத்தான். பேரம் பேசினான். அடுத்த வருஷம் இரண்டு ஆமை பிடித்துத் தருவதாகச் சொன்னான். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் சத்தியம் செய்தான். எல்மீரைச் சாட்சி வைத்து இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.

ஷெரிப்பின் முதுகோட்டைப் பின்னாலிருந்து இரு கையாலும் ஏந்திக்கொண்டேன். அவனைத் தொட்டி விளிம்பில் உட்கார வைத்து, காலைத் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னேன். ஷெரிப் வாயைத் திறந்தது, காலை விட்டது, கல்லுக்கு அடியில் போய்விட்டது.

ஓக்தாவ் தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அத்தான், இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"நீ சத்தியம் பண்ணினப்பவே இடி எனக்குக் கேட்டுச்சே," என்றேன்.

மறுநாள் விருந்தில் அவன் சட்டி கமகமவென்று கொதித்தது. எல்லோரும் ஆமை என்றார்கள். அவன் கோழி என்று என் காதில் சொன்னான். ஒரு வாய் வைத்தேன். கோழி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். தொட்டிக்குள் கோழிக் கழுத்தை நீட்டினேன். ஷெரிப் பறித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது சட்டி காலி. என் தட்டை யாரோ முடித்திருந்தார்கள். ஓக்தாவ் எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தான். பாதிரியார் பக்கத்திலேயே நின்றார். கிண்ணத்தைப் பிடித்தேன். அவன் விடவில்லை. இழுத்தேன். இன்னும் இறுக்கினான்.

"என்ன மச்சான்?"

அவன் வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம் இல்லை.

எல்மீர் சிரித்துக்கொண்டே சட்டி மூடியையும் கரண்டியையும் என் பக்கம் நகர்த்தினாள். ஊரே பார்த்தது. எனக்குப் பசி. அடித்தேன்.