இரண்டாவது பஸ்

“கழுத்துல திட்டுத்திட்டா நிக்குது. கொஞ்சம் நிமிருங்கம்மா,” என்று எஸ்தர் முந்தானையால் அம்மாவின் கழுத்துப் பவுடரைத் தேய்த்துவிட்டாள்.

தங்கம் நிமிரப் பார்த்தாள். முடியவில்லை. பழைய அரண்மனை மகாலின் தூணில் முதுகைச் சாய்த்தபடியே முகத்தை மட்டும் மகளிடம் தூக்கிக் கொடுத்தாள்.

“இப்ப எப்படியிருக்கு?”

“நல்லாருக்கு.”

“கண்ணு?”

பட்டுச்சேலையும் பவுடரும் பாடுபட்டு மறைத்ததையெல்லாம் கண்கள் இரண்டும் காட்டிக்கொடுத்தன. மஞ்சள் அரைத்து அப்பிய மாதிரி.

பக்கத்தில் நின்ற கருத்தக்கண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து நீட்டினான். அவர்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் தங்கத்தை வீட்டிலிருந்து தூக்கி வந்து ஆட்டோவில் வைத்ததும், இங்கே இறக்கி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்ததும் அவன்தான்.

“இதைப் போட்டுப் பாருங்க டீச்சர்.”

“போப்பா, இந்த வயசுல.” சொல்லிக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டாள். “எப்படி?”

“பெரிய எடத்து அம்மா கணக்கா இருக்கீங்க.”

தங்கம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சராக இருந்தவள் தங்கம். கீழவாசல் பக்கம் பாதிப் பெண்களுக்குப் பட்டன் துளை எடுக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். வருஷா வருஷம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இந்த மகாலுக்குக் கூட்டி வருவாள். கணவன் சின்ன வயதிலேயே போய்விட, எஸ்தரையும் ஜினோவையும் தனியாக வளர்த்தாள். ஜினோ கேட்டரிங் படித்துவிட்டு, ஊர் ஊராகச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் பெரிய கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் கப்பலேறிய பிறகுதான் தங்கத்தின் ஈரலில் கட்டி இருப்பது தெரிந்தது. பார்க்க வேண்டிய டாக்டர்களையெல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாகச் சொல்லிவிட்டார்கள்.

“அவன் கான்ட்ராக்ட் முடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் நீ வாயத் திறக்கக்கூடாது,” என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஜினோ போன் பண்ணும்போதெல்லாம் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, வகுப்பெடுக்கிற குரலில் பேசுவாள். எஸ்தர் செல்போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டிருப்பாள். வைத்த பிறகு அந்தக் குரல் திரும்பி வர அரை நாள் ஆகும்.

இரண்டு நாளைக்கு முன் கொழும்பிலிருந்து பேசினான். “கப்பல் தூத்துக்குடிக்கு வருதும்மா. ஒரு பகல்தான் நிக்கும். வெள்ளைக்காரங்களை பஸ்ல மதுரைக்குக் கூட்டிட்டு வாராங்க, மகாலைப் பாக்க. நம்ம ஊருன்னு சொல்லி நானும் கூட வாரேன். ஆனா அவுங்களை விட்டுட்டு வீட்டுக்கு வர விடமாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் மகாலுக்கு வந்துருங்க, என்ன?”

“வந்துட்டாப் போச்சு,” என்றாள் தங்கம், வகுப்பெடுக்கிற குரலில்.

அன்றைக்கு எஸ்தர் சண்டை போட்டாள். “வீடு நாலு தெரு தள்ளித்தான இருக்கு? முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துருவான்மா.”

“வந்து? கட்டில்ல கெடக்குறதப் பாத்தா திரும்பிப் போவானா? மகால்ல உக்காந்திருந்தா, அம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு நெனைச்சுக்குவான். அம்புட்டுதான்.”

இப்போது மகாலுக்குள் வெயில் முற்றம் முழுக்க இறங்கியிருந்தது. மேலே புறாக்கள் சடசடத்தன. பஸ் வரவில்லை. தங்கத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்வதும், எஸ்தர் தோளைக் கொடுத்து நிமிர்த்துவதுமாக இருந்தது.

வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக வெள்ளைக்காரர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு வாலிபன் கையில் எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தான். நல்ல உயரம், கறுப்பு.

தங்கத்தின் கை எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு வலு இன்னும் மிச்சமிருந்தது எஸ்தருக்கே ஆச்சரியம்.

“அந்தா வாரான் பாரு.”

எஸ்தர் எட்டிப் பார்த்தாள். “அது அவன் இல்லம்மா. வேற யாரோ. ஜினோ அடுத்த பஸ்ல வருவான் போல.”

“ம்,” என்றாள் தங்கம்.

கைப்பிடி விலகவில்லை. எஸ்தர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கூட்டம் முற்றத்தைக் கடந்து சிம்மாசன மண்டபத்துப் பக்கம் போய், வழிகாட்டியின் இங்கிலீஷ் தூரத்தில் முழங்கியது. அவள் திரும்பி, “தண்ணி வேணுமாம்மா?” என்று கேட்டாள். பதில் இல்லை. தூங்குகிறாளோ என்று பார்த்தால், கறுப்புக் கண்ணாடியில் முற்றமும் வெயிலும்தான் தெரிந்தன. மணிக்கட்டில் இருந்த விரல்கள் அப்படியே இருந்தன. பிடித்திருக்கவில்லை, சும்மா கிடந்தன.

“அம்மா. எம்மா.”

கருத்தக்கண்ணன் குனிந்து மூக்கருகே புறங்கையை வைத்தான். கழுத்தைத் தொட்டான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தான்.

“முடிஞ்சிருச்சு தாயி.”

அது அவன் இல்லம்மா, அது அவன் இல்லம்மா என்று எஸ்தருக்குள் தன் குரலே ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். ஆமாம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் அவர்கள் பக்கம் வருவதற்குள் அம்மா போயிருப்பாள், மகன் வருகிறான் என்ற நினைப்போடு.

அப்போது வாசலில் இரண்டாவது கூட்டம் நுழைந்தது.

ஜினோ முன்னால் வந்தான். அதே வெள்ளைச் சீருடை, அதே மாதிரி அட்டை. கண் கூசி, கையை நெற்றியில் வைத்துத் தூண் தூணாகத் தேடினான். பார்த்துவிட்டான். முகமெல்லாம் பல்லாகி, அட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். பக்கத்தில் வந்த வயதான வெள்ளைக்காரியிடம் இவர்களைக் காட்டி ஏதோ சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

எஸ்தர் கையைத் தூக்கித் திருப்பி அசைத்தாள். எப்படி அசைத்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இன்னும் பத்துப் பதினைந்து அடி அவன் சிரித்துக்கொண்டே வரட்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. மறு கையைக் கண்ணாடிக்கு அடியில் விட்டு அம்மாவின் இமைகளை மூடினாள்.

“என்னம்மா, கூலிங் கிளாஸெல்லாம் போட்டு ஒரே ஸ்டைலா இருக்கீங்க!” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், படியேறும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கருத்தக்கண்ணனை. அட்டை கையிலிருந்து நழுவித் தரையில் அடித்தது. அந்தச் சத்தம் மகால் முழுக்கக் கேட்டது.

மண்டியிட்டு அம்மாவின் கன்னத்தைப் பிடித்தான். “எம்மா, நான்தான்மா. ஜினோ. வந்துட்டேன்ல.” கண்ணாடியைக் கழற்றினான். கன்னத்து எலும்பையும், சேலைக்குள் மரக்கட்டை மாதிரி வீங்கியிருந்த கால்களையும் அப்போதுதான் பார்த்தான். “என்னக்கா இது? என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?”

“ஈரல்ல கட்டிடா. நீ போனப்புறம் வந்துச்சு. சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

“நீயும் சொல்லல.”

“சத்தியம் வாங்கிட்டாங்கடா.”

“செத்தா சொல்லுவியா? அப்பவும் சொல்லமாட்டியா?” என்று கத்தினான். வெள்ளைக்காரர்கள் கீழே முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஜினோ அம்மாவின் மடியில் நெற்றியை முட்டி முட்டி அழுதான். சற்று நேரம் கழித்து அழுகையை நிறுத்தித் தலையைத் தூக்கினான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது இருந்த முகம்.

“அக்கா. என்னையப் பாத்தாங்களா?”

எஸ்தர் கருத்தக்கண்ணனைப் பார்க்கவில்லை.

“பாத்தாங்க.”

“நெசமாவா?”

“நீ வாசல்ல நுழையுறப்பவே பாத்துட்டாங்க. என் கையப் புடிச்சாங்க. ‘அந்தா வாரான் பாரு’ன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லடா. அதுதான்.”

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கூட வந்த, கப்பலில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அட்டையை எடுத்துக்கொண்டு அவன் தோளைத் தொட்டு, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அம்மாவைக் கருத்தக்கண்ணன் தூக்க வந்தபோது ஜினோ விடவில்லை. தானே தூக்கினான். வாசல்வரை வந்தபிறகு அக்காவிடம் திரும்பி, “வெயிட்டே இல்லையேக்கா,” என்றான்.

உடம்பு தாங்காது என்று அன்று மாலையே அடக்கம் வைத்தார்கள். பேரையூரிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். தங்கத்திடம் தையல் படித்த பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஜினோ மாற்றத் துணியில்லாமல் அதே வெள்ளைச் சீருடையில் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் துணிமணியெல்லாம் கப்பலில் இருந்தது. “போனா அந்த பஸ்ஸோட இப்பவே போகணும், இல்லாட்டி வேலை போயிரும்னு கப்பல்காரங்க சொல்றாங்கப்பா,” என்று சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “போகட்டும் சித்தப்பா,” என்றான்.

வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவனே சொன்னான். “என்னையப் பாத்துட்டுத்தான் போனாங்க. ‘அந்தா வாரான் பாரு’ன்னு சொல்லிருக்காங்க.” சொல்லும்போதெல்லாம் எஸ்தரை நிமிர்ந்து பார்ப்பான். அவள் தலையசைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய் வாசலில் வேறு மாதிரி சொன்னாள். மகன் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடினாளாம். பெண்கள் புண்ணியவதி என்று மூக்கைச் சிந்தினார்கள்.

ஒருமுறை ஜினோ, பெஞ்சு தூக்கிவந்த கருத்தக்கண்ணனையும் நிறுத்தினான். “அண்ணே, நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?”

கருத்தக்கண்ணன் பெஞ்சை இறக்கி வைத்தான். சுவரோரமாக நின்ற எஸ்தரை ஒரு கணம் பார்த்தான்.

“ஆமா தம்பி. என் காதால கேட்டேன். டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் ஜினோ முதல் பிடி மண்ணைப் போட்டான். எஸ்தர் போடும்போது கை விரியவில்லை. சித்தப்பா அவள் விரல்களைப் பிரித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. ஜினோ சித்தப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா.”

“ம்.”

“‘அந்தா வாரான்’னு சொன்னப்ப, சிரிச்சாங்களா?”

எஸ்தர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

“சிரிச்சாங்கடா,” என்றாள்.

வெளியே வந்தாள். குழாயடியில் வழக்கம்போலக் குடங்கள் வரிசை கட்டியிருந்தன, நேற்றுவரை தினமும் சண்டை நடந்த வரிசை. அவள் வருவதைப் பார்த்ததும் ரெங்கம்மாள் தன் குடத்தைக் காலால் நகர்த்தினாள். அதற்கு முன்னால் நின்றவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக ஒதுங்கி வழிவிட, எஸ்தர் முதல் ஆளாகப் போய்க் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள்.

தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடம் நிரம்பியது. நிரம்பி, வாயோரம் வழிந்து, அவள் பாதங்களை நனைத்து, தெருவில் இறங்கி ஓடியது. வரிசையில் நின்ற பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.