குண்டு எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை

அந்த எழுத்துருவை வரைந்து முடிக்க அவனுக்கு நான்கு வருடம் பிடித்தது. நான்கு வருடமும் ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே முதுகுவலி. தண்டுகள் தடித்து, வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் மயிரிழையாக மெலிந்து, முனைகளில் சின்னச் சின்னப் பாதங்களை ஊன்றி நிற்கும் எழுத்து. புத்தகத்துக்குள் போட்டால் நாலாவது வரியில் தலைவலி வந்துவிடும். ஆனால் பெரிதாகப் போட்டுத் தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால், கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியாது. அவன் மனைவி அதற்குக் குண்டு என்று பெயர் வைத்திருந்தாள். "உங்க குண்டு தூங்கிட்டானா? அப்ப நீங்க சாப்பிட வாங்க" என்பாள்.

குண்டுக்கு மெலிந்த தம்பிகள் ஐந்து பேர், அதே எழுத்தை மெல்லிய கோடுகளில் வரைந்த ஐந்து வடிவங்கள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒருவனை இலவசமாக ஊருக்குள் விடுவார்கள். அவனிடம் மயங்கியவர்கள் மற்றவர்களைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இவன் குண்டையே விட்டான். ஊர் குண்டைத் தூக்கிக்கொண்டு போனது, தம்பிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பேனர் அடிப்பவர்கள்தான் குண்டை வாரி அணைத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரே ஒரு வேலைக்கு. 'கடையை மூடுகிறோம்', 'எல்லாம் பாதி விலை', 'இன்றே கடைசி'. அந்த வருடம் கடைகள் வரிசையாக மூடின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குண்டு நின்றான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக இவன் அதையெல்லாம் பார்ப்பான். யாரோ ஒருவருடைய பிழைப்பு போய்விட்டதே என்று அல்ல, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியாக விழுந்திருக்கிறதா என்று. இப்படியும் ஒரு பிறவி.

அவன் மனைவி பதினோரு வருடமாகப் படுக்கையறை மூலையில் குழந்தைகளுக்கு உடை தைத்துக்கொண்டிருந்தவள். ஒருவழியாகத் தெருமுனையில் சின்னதாக ஒரு கடை பிடித்தாள். பெயர்ப்பலகையை இவன்தான் செய்தான், குண்டு எழுத்தில், வெள்ளையில் கறுப்பாக. மாட்டிய அன்று எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வாரம் வந்த ஒரு பெண், கவுன்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எப்ப மூடுறீங்க?" என்றாள்.

"இப்பத்தாங்க திறந்திருக்கோம்."

"ஓ, தள்ளுபடி இல்லையா?" என்று அந்தப் பெண் கிளம்பிவிட்டாள்.

அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாலாவது ஆளும் அதையே கேட்டபோது சிரிப்பு வரவில்லை. மலிவு தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நல்ல துணி தேடுகிறவர்கள் உள்ளேயே வரவில்லை.

அவளுடைய அண்ணன் பேனர் அடிப்பவர். ஒரு நாள் வந்து பலகையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்ள, இந்த எழுத்துல நானே எத்தனை கடைய மூடியிருக்கேன் தெரியுமா? இதைப் பார்த்தாலே ஜனங்களுக்கு மூடுற கடைதான் ஞாபகம் வரும். மாத்திடுங்க. நான் வேற அடிச்சுத் தர்றேன்."

அவள் கணவனைப் பார்த்தாள். "மாத்திடலாமாங்க?"

"எழுத்துல ஒரு குறையும் இல்ல," என்றான் அவன். முகம் சிவந்திருந்தது. "ஜனங்க பழகணும், அவ்வளவுதான். ஒரு மாசம் பாரு."

அந்த ஒரு மாதம் பத்து மாதமாக நீண்டது. அவள் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன் என்று இவன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். மாற்றியிருக்க மாட்டான்.

ஒரு மதியம் அவள் சாவியை அவன் மேசையில் வைத்தாள். "போதுங்க. இருக்கறதை வித்துட்டு மூடிடலாம். ஒரு பேனர் மட்டும் போட்டுக் குடுங்க."

அவன் யாரோ வரைந்த மெல்லிய எழுத்து ஒன்றை எடுத்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இது வேணாம். குண்டுலயே போடுங்க. அதுக்குத்தான் ஜனங்க வருவாங்க."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினான். துளிகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. இவன் பைகளில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மூன்று கவுன்களை அணைத்துப் பிடித்திருந்த ஓர் அம்மா ஆற்றாமையோடு பேசினார். "என்ன நேர்த்தியா தைச்சிருக்கீங்க! தினமும் இந்த வழியாத்தான் போறேன். எப்பவும் மூடிக்கிட்டே இருக்குற கடைன்னு நினைச்சு உள்ள வரவே இல்லம்மா."

"பரவாயில்லீங்க," என்று அவள் சிரித்தபடி துணியை மடித்தாள்.

சாயங்காலத்துக்குள் அலமாரிகள் துடைத்துவிட்டதுபோல் காலியாகின. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவளே பேசினாள்.

"அப்ப நான் நல்லாத்தான் தைச்சிருக்கேன், இல்லீங்க?"

அவனுக்குப் புரியவில்லை.

"எழுத்துல குறை இல்லன்னு நீங்க சொன்னீங்களே," என்றாள். "அதனால தையல்லதான் ஏதோ குறைன்னு இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."