ஒன்றாம் சனல்

என் கல்யாணத்துக்கு இரண்டு படப்பிடிப்பாளர்கள். எங்கள் வீட்டார் பிடித்தவர் எங்கள் நகரத்தின் அம்மருட் பகுதியில் இருக்கும் கிறிஸ்ரியன். மாப்பிள்ளை வீட்டார் தூரத்து நகரமான துரொண்ட்ஹெய்மிலிருந்து ஜோர்ஜை இறக்கியிருந்தார்கள். ஒருவரோடு நிறுத்தினால் மற்ற வீட்டுக்கு மரியாதைக் குறைவாம்.

மோர்டென்ஸ்ருட் மண்டபத்தில் ஆளுக்கு இரண்டு ஃபிளாஷ் விளக்குகளை மேடையின் இரு பக்கமும் நட்டார்கள். கமராவின் தலையில் ட்ரிகர் என்று ஒரு சின்னப் பெட்டி. கமராவை அமுக்கினால் அது ரேடியோவில் கட்டளையிடும், தள்ளி நிற்கும் விளக்கு மின்னும். அந்த மேதைகள் இருவரும் ஒரே கம்பனிச் சாமானை வாங்கி, பெட்டியில் வந்தபடியே ஒன்றாம் சனலில், அதாவது ஒரே ரேடியோ அலைவரிசையில், விட்டிருந்தார்கள். ஒருவர் அமுக்கினால் நாலு விளக்கும் மின்னின. அடுத்த நொடி மற்றவர் அமுக்கும்போது, மறுபடி சார்ஜ் ஏறாத விளக்குகளில் உயிர் இல்லை. படம் கறுப்பு.

இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். முதலில் வாய் திறந்தவர் சின்ன ஆளாகிவிடுவாரே! ஆளுக்காள் முறைத்துக்கொண்டு அமுக்கினார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பாரிசவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா, என் பக்கத்தில் எழும்பி நின்று ஒரு படம் எடுக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கப் பிசியோதெரபியில் பல்லைக் கடித்துப் பழகியிருந்தார்.

அம்மா எழும்பினார். கிறிஸ்ரியன் கமராவைத் தூக்கிய அதே நேரம் ஜோர்ஜ் மூலையில் கேக்கைப் படம் எடுத்தார். கேக்குக்கு நாலு விளக்கு. அம்மாவுக்கு இருட்டு. கால் தாங்காமல் அம்மா நாற்காலியில் இருந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆராவது ஒராள் சனலை மாத்துங்கோவன்!"

"அவர் மாத்தட்டும். நான்தான் முதல் வந்தனான்," என்றார் கிறிஸ்ரியன்.

"துரொண்ட்ஹெய்மிலை இருந்து நான் சனல் மாத்தவோ வந்தனான்?" என்றார் ஜோர்ஜ்.

ஒரு பொத்தான். அதை அமுக்க இரண்டு ஆம்பிளைகளுக்கும் விரல் வரவில்லை. பேச்சுக்கு மட்டும் கை முளைத்து ஆடியது.

"பிள்ளை, இன்னொருக்கா எழும்புறன். இதுக்கு மேலை என்னாலை ஏலாது," என்றார் அம்மா.

என் கணவர் கிருஷிகன் அம்மாவைத் தாங்கி எழுப்பினார். படப்பிடிப்பாளர்கள் இருவரும் இன்னும் தங்கள் பெருமை கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, கிறிஸ்ரியனின் கையிலிருந்த கமராவைப் பறித்தேன்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ!"

அமுக்கினேன். நாலு விளக்கும் ஒன்றாக மின்னின. அம்மா நிமிர்ந்து, ஒரு பக்கம் கோணிய வாயால் முழுதாகச் சிரித்தபடி நின்றார். பிறகு இருந்துவிட்டார். அன்றைக்கு மறுபடி எழும்பவில்லை.

இப்போது அந்தப் படம் இரண்டு பேருடைய முகநூல் பக்கத்திலும் இருக்கிறது. கிறிஸ்ரியன், கமரா தன்னுடையது என்று தன் பெயரைப் போட்டிருக்கிறார். பாதி வெளிச்சம் தன்னுடையது என்று ஜோர்ஜும் போட்டிருக்கிறார். பாராட்டுக்குக் குறைவில்லை. இருவரும் எல்லோருக்கும் கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. யாரோ கேட்டிருக்கிறார்கள்: "தாய் நிக்கிறா, மாப்பிள்ளை நிக்கிறார். கல்யாணப் பொம்பிளை எங்கை?"